பத்துப் பேர் சேரும்வரை அம்மாவை ஏன் காக்க வைத்தார்கள்?

கேள்வி: "2021 ஏப்ரலில், அப்போது 66 வயதான என் அம்மா, கொரோனா தடுப்பூசிக்காக எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று நாள் நடந்தார். இரண்டு நாள், 'பத்துப் பேர் சேரவில்லை, நாளைக்கு வாங்க' என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் போட்டார்கள். போட்ட பிறகும் அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். இரண்டாம் தவணைக்குப் போனால் நாள் மாறிவிட்டது என்றார்கள். பிறகு என் தம்பி சென்னையில் தனியார் மருத்துவமனையில் 780 ரூபாய் கொடுத்துப் போன வேகத்தில் போட்டுக்கொண்டு வந்தான். இலவச ஊசி தரத்தில் குறைந்ததா? இப்போது அம்மா முழங்கால் வலி வந்தாலும் அந்த ஊசியால்தான் என்கிறார். அவருக்கு என்ன சொல்வது?"

நான் கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்து, சமுதாய சுகாதார செவிலியராக ஓய்வு பெற்றவள். 2021இல் எங்கள் வட்டாரத்தில் ஊசி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்துப் பேர் சேரட்டும் என்று காத்திருந்ததற்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்த வயதில் வெயிலில் நடந்து வந்த அம்மாவின் பெயரையும் போன் நம்பரையும் எழுதி வாங்காமல் வெறுமனே 'நாளைக்கு வாங்க' என்று அனுப்பியது தவறு. அதுவும் இரண்டு முறை.

தரம் பற்றிய சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம், அது சுலபம். கோவிஷீல்டு என்றால் பூனாவில் உள்ள சீரம் நிறுவனத்தில் தயாரானது. கோவாக்சின் என்றால் ஐதராபாத் பாரத் பயோடெக்கில் தயாரானது. அரசுக்கு ஒன்று, தனியாருக்கு ஒன்று என்று இரண்டு வகை மருந்து கிடையாது. 2021 ஜூன் 21 முதல், தயாராவதில் 75 சதவீதத்தை மத்திய அரசு வாங்கி மாநிலங்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. மீதி 25 சதவீதத்தைத் தனியார் மருத்துவமனைகள் வாங்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. உங்கள் தம்பி கொடுத்த 780 ரூபாயைப் பிரித்தால் மருந்தின் விலை 600, ஜி.எஸ்.டி. 30, ஊசி போடும் கட்டணம் 150. உங்கள் அம்மாவுக்கு அந்த மூன்றையும் அரசு ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான் வித்தியாசம். சான்றிதழை எடுத்துப் பாருங்கள், மருந்தின் பெயரோடு பேட்ச் எண்ணும் இருக்கும்.

சரி, பத்துப் பேர் கதைக்கு வருகிறேன்.

கோவிஷீல்டு வந்தது பத்துத் தவணைக் குப்பியில். நாங்கள் வயல் என்போம். சுண்டுவிரல் உயரத்துக்குக் கண்ணாடிப் புட்டி, உள்ளே 5 மில்லி. ஒருவருக்கு அரை மில்லி. மூடியிருக்கும் வரை 2 முதல் 8 டிகிரி குளிரில் மாதக்கணக்கில் இருக்கும். ரப்பர் மூடியில் முதல் ஊசி இறங்கிவிட்டால் நான்கு மணி நேரம்தான் கணக்கு. முதல் ஊசியை இறக்கும்போதே லேபிளில் தேதியையும் மணியையும் எழுதிவிடுவோம். காலை 10:10க்குத் திறந்தால் மதியம் 2:10க்கு மேல் அதில் இருந்து ஒரு சொட்டு எடுக்கக் கூடாது. ஆறு பேருக்கான மருந்து மீதி இருந்தாலும் சரி.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், ஒவ்வொரு முறை ஊசி உள்ளே போகும்போதும் வெளியே இருக்கும் கிருமி சேர்ந்து போக வழி இருக்கிறது. கோவிஷீல்டில் கிருமி வளராமல் தடுக்கிற பொருள் எதுவும் சேர்க்கப்படவில்லை. குழந்தைகளுக்குப் போடும் பி.சி.ஜி., தட்டம்மை-ரூபெல்லா ஊசிகளுக்கும் இதே நான்கு மணி நேர விதிதான், எங்களுக்கு அது பல வருடப் பழக்கம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தட்டம்மை ஊசிக்கு ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறந்து போடு, மீதி வீணானால் ஆகட்டும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. 2021இல் கொரோனா ஊசிக்கு அப்படிச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. கையில் இருந்ததே குறைவு.

இன்னொன்றும் நடந்தது. 2021 ஏப்ரல் 11 வரையிலான கணக்கு ஒன்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வெளியே வந்தது. தடுப்பூசி வீணானதில் தமிழ்நாடு 12 சதவீதத்துக்கு மேல் போய் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. செய்தித்தாள்களில் எல்லாம் வந்தது. எங்களுக்கு அது பெரிய அவமானம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நிலையத்திலும் மாலையில் குப்பிக் கணக்குக் கேட்டார்கள். எத்தனை திறந்தாய், எத்தனை பேருக்குப் போட்டாய், வித்தியாசம் ஏன்? பின்னால் ஜூனில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதலிலோ, வீணாக்கினால் அந்த மாநிலத்தின் ஒதுக்கீடே பாதிக்கப்படும் என்று எழுதியே விட்டார்கள். உங்கள் அம்மா வந்த ஏப்ரலில், நான்கு பேர் உட்கார்ந்திருக்கும்போது குப்பியைத் திறக்கச் செவிலியரின் கை ஏன் தயங்கியது என்று இப்போது புரியும். திறந்தால் அந்த நான்கு பேருக்குக் கிடைக்கும். அடுத்த நாள் வரும் ஆறு பேருக்கு இல்லாமல் போகும்.

இந்த வேலையில் உண்மையான திறமை ஊசியைக் குத்துவதில் இல்லை, பத்துப் பேரைச் சேர்ப்பதில் இருந்தது. எங்கள் நிலையத்தில் ஒரு நோட்டு வைத்திருந்தோம், சாதாரண நாற்பது பக்க நோட்டு. வந்து திரும்புகிறவர்களின் பெயர், ஊர், போன் நம்பர். போன் இல்லாதவர்களுக்குப் பக்கத்து வீட்டு நம்பர், அல்லது அங்கன்வாடி டீச்சரின் நம்பர். ஏழு பேர் சேர்ந்ததும் நோட்டை எடுத்து வரிசையாகக் கூப்பிடுவோம். அதுவும் சரிவரவில்லை என்றால், சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை வாங்க ஓ.பி. சீட்டோடு நிற்கும் வரிசைக்குப் போய், "ஊசி போடாதவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்பேன். 45 வயதுக்கு மேல், கூடவே சர்க்கரையும் பிரஷரும். தடுப்பூசி யாருக்கு முதலில் சேர வேண்டுமோ அவர்களே அந்த வரிசையில் நின்றிருந்தார்கள். பத்தாவது ஆளைப் பல நாள் அங்கேதான் பிடித்தேன். உங்கள் ஊரில் இதைச் செய்திருந்தால் உங்கள் அம்மா மூன்று முறை நடந்திருக்க மாட்டார். இதற்குப் பணமும் வேண்டாம், உத்தரவும் வேண்டாம், நாற்பது பக்க நோட்டு போதும். அதனால்தான் அதைத் தவறு என்று சொல்கிறேன்.

பதினோராவது தவணை என்று ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். குப்பியில் 5 மில்லிக்கு மேலேயே சற்றுக் கூடுதலாக நிரப்பி அனுப்புவார்கள், எடுக்கும்போது சேதமாகும் என்று. நாங்கள் பயன்படுத்தும் சிரிஞ்சு அரை மில்லியில் தானாக நின்றுவிடும், ஒரு முறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், மறுபடி பயன்படுத்தவே முடியாது. குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, ஊசி முனை மருந்துக்குள்ளேயே இருக்கும்படி வைத்து, காற்றுக் குமிழி வந்தால் விரலால் சுண்டி மேலே ஏற்றி, மருந்தைச் சிந்தாமல் வெளியே தள்ள வேண்டும். இதைப் பொறுமையாகச் செய்கிறவர்களுக்குப் பத்துப் பேருக்குப் போட்ட பிறகும் அடியில் முழு அரை மில்லி கிடைக்கும். கிடைத்தால் பதினோராவது ஆளுக்குப் போடலாம். அரை மில்லிக்குக் குறைந்தால் தொடக் கூடாது, இரண்டு குப்பிகளின் மிச்சத்தைச் சேர்த்து ஒன்றாக்கவும் கூடாது. கேரளத்தில் 2021 மே தொடக்கம் வரை வந்தது 73.38 லட்சம் தவணை, போட்டது 74.26 லட்சம் தவணை. அந்த வித்தியாசம் முழுவதும் அங்கே இருந்த செவிலியர்களின் கைப்பக்குவம். பிறகு தமிழ்நாட்டிலும் அதே நிலைக்கு வந்தோம். வீணாக்கியதில் முதலிடம் என்று கேட்டுத் தலைகுனிந்தவர்கள், வந்ததைவிடக் கூடுதலாகப் போட்டோம் என்று நிமிர்ந்தோம். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

"இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் மருந்தை ஒழுங்காக வைத்திருப்பார்களா?" என்றும் பலர் கேட்டார்கள். கேட்டவர்கள் பலர் தங்கள் பிள்ளைகளுக்கு அதே இடத்தில் ஒன்றரை மாதத் தடுப்பூசி போட்டவர்கள்தான். தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. வாரம் தவறாமல் குளிர்ப்பெட்டியில் மருந்து எடுத்துப் போய்ப் பழகிய அமைப்பு இது. ஐ.எல்.ஆர். என்று மருந்து வைக்கும் குளிர்சாதனப் பெட்டி ஒன்று இருக்கும், மேலே கதவு திறக்கிற மாதிரி. உள்சுவரைச் சுற்றிப் பனிக்கட்டி இருப்பதால் கரண்ட் போனாலும் உடனே சூடாகாது. காலையிலும் மாலையிலும் அதன் வெப்பநிலையைப் பார்த்து எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கும் பொங்கலுக்கும் அதில் விலக்குக் கிடையாது. உள்ளே இருக்கும் கருவி, அளவு தாண்டினால் பொறுப்பாளரின் போனுக்கு மெசேஜ் அனுப்பும்.

முகாமுக்கு மருந்தை எடுத்துப் போகும்போது பனிக்கட்டி நேரடியாகப் பட்டு மருந்து உறைந்துவிடக் கூடாது. உறைந்தால் வீண். அதனால் உறைபெட்டியில் இருந்து எடுத்த ஐஸ் பேக்குகளை உடனே கேரியரில் வைக்க மாட்டோம். மேசையில் பரப்பி வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்போம். உள்ளே தண்ணீர் சலசலக்கும் சத்தம் லேசாகக் கேட்டால் தயார். நான்கு பேக்குகளைச் சுவரோரம் வைத்து, நடுவில் குப்பிகள், மேலே பஞ்சு அட்டை, மூடி. காலை ஏழு மணிக்கு நானும் மருந்தாளுநரும் ஐஸ் பேக்கைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து வாட்ச்மேன் தாத்தா, "பாட்டுக் கேக்குறீங்களாம்மா?" என்பார்.

அரை மணி நேரம் உட்கார வைத்ததைப் பற்றிக் கேட்டீர்கள். அது நாங்கள் விட்டுக்கொடுக்கவே கூடாத விஷயம். லட்சக்கணக்கானவர்களில் யாரோ ஒருவருக்கு ஊசியால் கடுமையான ஒவ்வாமை வரலாம். வந்தால் பெரும்பாலும் முதல் அரை மணிக்குள் வந்துவிடும். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல், நாடித் துடிப்பு வேகமாகி பிரஷர் இறங்கும். அதற்கு மருந்து உண்டு, பெயர் அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கம் அரை மில்லி உடனே போட்டால் உயிர் தப்ப வழி உண்டு. அந்த ஆள் வீட்டுக்குப் போகும் வழியில் வரப்பில் விழுந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. நாட்டில் கொரோனா தடுப்பூசியால்தான் நேர்ந்தது என்று, ஊசிக்குப் பிறகு வரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு முதன்முதலில் உறுதி செய்த மரணம் இப்படிப்பட்ட ஒவ்வாமையால்தான். 2021 மார்ச்சில் ஊசி போட்ட 68 வயதுக்காரர் ஒருவர். இதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மறைக்காமல் சொன்னால்தான் அரை மணி நேரம் உட்காருங்கள் என்ற சொல்லுக்கு எடை இருக்கும்.

நான் ஊசி போட்டவர்களில் யாருக்கும் அட்ரினலின் தேவைப்படவில்லை. மயக்கம் போட்டவர்கள் நிறைய. பெரும்பாலும் பயத்தில் வருகிற மயக்கம், அதிலும் வாட்டசாட்டமான இளைஞர்கள். முகம் வெளுத்து, வியர்த்து, நாடி மெதுவாகும். படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள். ஒவ்வாமையில் நாடி ஓடும், பயத்தில் தளரும். இந்த வித்தியாசம் விரல் நுனியில் தெரிய வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.

தமிழ்நாட்டுச் செவிலியர்கள் இதில் கூடுதல் கவனமாக இருப்பதற்கு ஒரு பழைய காயமும் காரணம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அப்போது நான் கிராம சுகாதார செவிலியர். அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை. அதன் பிறகு கிராமத்து வீட்டுத் திண்ணையிலும் அங்கன்வாடியிலும் போடுவதை நிறுத்தி, சுகாதார நிலையத்தில் மருத்துவர் இருக்கும்போதுதான் போட வேண்டும் என்று மாற்றினார்கள். தாய்மார்களுக்கு அலைச்சல் கூடியது உண்மை. ஆனால் ஊசி போட்டதும் வேலை முடிந்தது என்று எண்ணாமல், பிறகு காத்திருந்து பார்ப்பதும் அதே வேலைதான் என்பது எங்கள் எலும்பில் ஊறியது அப்போதுதான்.

அப்புறம், ஏப்ரலில் பத்துப் பேர் ஏன் சேரவில்லை? சனங்களுக்கு அறியாமை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறவர்களை நான் ஏற்கவில்லை.

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார். அரசு மருத்துவமனையில் எல்லோரும் நம்பிப் போடலாம் என்று காட்டத்தான் அங்கே போனார். 17ஆம் தேதி மாரடைப்பில் இறந்துவிட்டார். அவ்வளவு நல்ல மனிதர், நல்ல எண்ணத்தோடு செய்த காரியம், அதுவே பயமாகத் திரும்பியது. ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை, தற்செயலாக ஒன்றையடுத்து ஒன்று நேர்ந்தது என்று தேசிய ஆய்வுக் குழு அந்த ஆண்டு அக்டோபரில்தான் சொன்னது. ஆறு மாதம் கழித்து வருகிற விளக்கம் அந்த வாரம் ஊர் மரத்தடியில் பேசியவர்களுக்கு எப்படி எட்டும்? ஏப்ரல் 19ஆம் தேதி எங்கள் மேசைக்கு வந்தவர்கள் மூன்றே பேர்.

அதைவிடப் பெரிய காரணம் கூலி. கோவிஷீல்டு போட்டால் மறுநாள் பலருக்கு உடம்பு வலியும் காய்ச்சலும் வரும். பாராசிட்டமால் போட்டுப் படுத்தால் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். மாதச் சம்பளக்காரருக்கு அது ஒரு லீவு. நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு, அந்த ஆண்டு தமிழ்நாட்டில் ஒரு நாள் கூலி 273 ரூபாய். இரண்டு நாள் படுத்தால் 546 ரூபாய் போச்சு. "ஊசி இலவசம்னு சொல்றீங்க, எனக்கு ஐந்நூறு ரூபா செலவாகுதே" என்று ஒரு அம்மா ஏரி வேலை நடக்கும் இடத்தில் வைத்து என்னிடம் கேட்டார். இடுப்பில் மண்வெட்டி சாய்த்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த நாள் வேலை இல்லாத நாளாகப் பார்த்து முகாம் வைக்கலாமா என்று சுகாதார ஆய்வாளரோடு பேசி, சனிக்கிழமை மதியத்துக்கு மாற்றினோம். அந்த அம்மா அன்றைக்கு வந்தார். வரும்போது தெருவில் இருந்து ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அரசும் பின்னால் இதே மாதிரி ஒன்றைச் செய்தது. 2021 செப்டம்பர் 12 ஞாயிறு அன்று முதல் மெகா தடுப்பூசி முகாம், மாநிலம் முழுக்க 40,000 இடங்களில். 20 லட்சம் பேர் என்று இலக்கு வைத்தார்கள், கிட்டத்தட்ட 29 லட்சம் பேர் போட்டுக்கொண்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறி எடுப்பார்கள், சிலர் குடிப்பார்கள். ஊசி போட்டால் கறியும் சாராயமும் கூடாது என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் இருந்தது. ஞாயிறு வந்தால் ஒரு கூட்டம் முகாம் பக்கமே வராது. கறி சாப்பிடுவதால் தடுப்பூசிக்கு ஒரு பாதிப்பும் இல்லை என்று தொண்டை வறளச் சொன்னோம். கடைசியில் அக்டோபர் 23ஆம் தேதி ஆறாவது முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். ஜனங்களோடு சண்டை போடாமல் நாளை மாற்றியது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இரண்டாம் தவணை நாள் மாறியதில் உங்கள் அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை. செவிலியர் மேலும் இல்லை. ஜனவரியில் தொடங்கும்போது கோவிஷீல்டுக்கு இடைவெளி 4 முதல் 6 வாரம். மார்ச் 22 அன்று 4 முதல் 8 வாரம் ஆக்கி, 6 முதல் 8 வாரத்துக்குள் போட்டால் நல்லது என்றார்கள். மே 13 அன்று 12 முதல் 16 வாரம். ஏப்ரலில் போட்டவருக்கு ஜூனில் வரச் சொல்லி அட்டையில் எழுதியிருப்பார்கள். ஜூனில் வந்தால் கோவின் தளம் 84 நாள் ஆகாமல் பதிவையே ஏற்காது. கோவாக்சினுக்கு மட்டும் மாறாமல் 28 நாளாகவே இருந்தது. இடைவெளி கூடியதால் அம்மாவின் முதல் தவணை வீணாகவில்லை. கோவிஷீல்டு வகைத் தடுப்பூசியில் இடைவெளி கூடினால் எதிர்ப்புச் சக்தி நன்றாகவே உருவாகிறது என்று வெளிநாட்டு ஆய்வுகளிலும் தெரிந்திருந்தது. ஆனால் விதி மாறியதை முன்கூட்டியே ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். மறுபடியும் அந்த நோட்டு விஷயம்தான்.

இப்போது அம்மாவின் பயம். இதைத் தள்ளிவிடாமல் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் கேள்விப்பட்டதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. கோவிஷீல்டு வகைத் தடுப்பூசியால் மிக அபூர்வமாக இரத்தம் உறையும், கூடவே தட்டணுக்கள் குறையும் ஒரு கோளாறு வரலாம். அந்தத் தடுப்பூசியை உருவாக்கிய அஸ்ட்ராஜெனெகா நிறுவனமே இதை லண்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது 2024இல் செய்தியானபோதுதான் நம் ஊர் வாட்ஸ்அப் எல்லாம் கொந்தளித்தது. ஆனால் விஷயம் 2021இலேயே தெரிந்ததுதான். அந்த ஆண்டு மே மாதம் நம் தேசியக் குழு சொன்ன கணக்குப்படி, இந்தியாவில் பத்து லட்சம் தவணைக்கு 0.61 பேர். ஊசி போட்ட முதல் சில வாரங்களில் கடுமையான தலைவலி, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, காலில் வீக்கம், தோலில் ஊசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள் என்று தெரிந்தால் உடனே வர வேண்டும் என்று அப்போதே எங்களுக்குச் சொன்னார்கள். வருடங்கள் கழித்து வருகிற முழங்கால் வலி அந்தக் கோளாறு கிடையாது. இதை அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

இளைஞர்கள் திடீரென்று இறப்பது ஊசியால்தான் என்ற பேச்சும் அவர் காதில் விழுந்திருக்கும். சென்னையில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம், 19 மாநிலங்களில் 47 மருத்துவமனைகளைச் சேர்த்துக்கொண்டு இதையே ஆராய்ந்தது. 18 முதல் 45 வயதில் காரணம் தெரியாமல் திடீரென இறந்தவர்களை, அதே வயதுள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2023இல் வந்த முடிவு, தடுப்பூசியால் அந்த ஆபத்துக் கூடவில்லை என்பது. இரண்டு தவணை போட்டவர்களுக்குக் குறைந்தே இருந்தது. கொரோனாவால் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்கள், இறப்பதற்கு முந்தைய இரண்டு நாளில் அளவுக்கு மீறிக் குடித்தவர்கள், கடுமையாக உடலை வருத்தியவர்கள், குடும்பத்தில் திடீர் மரணம் நேர்ந்தவர்கள், இவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதலாகத் தெரிந்தது.

ஊசியால் என்ன பயன் என்று கேட்டால் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது தமிழ்நாடு காவல்துறைக் கணக்கு. அதையும் அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள்தான் எடுத்தார்கள். 1,17,524 காவலர்கள். 2021 ஏப்ரல் 13 முதல் மே 14 வரை, அதாவது இரண்டாம் அலை உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த ஒரே மாதத்தில், கொரோனாவால் 31 காவலர்கள் இறந்தார்கள். ஊசியே போடாதவர்கள் 17,059 பேர், அவர்களில் 20 பேர் இறந்தார்கள். ஒரு தவணை போட்டவர்கள் 32,792 பேர், அவர்களில் 7 பேர். இரண்டும் போட்டவர்கள் 67,673 பேர், அவர்களில் 4 பேர். கூட்டத்திலேயே சிறியது ஊசி போடாதவர்கள் கூட்டம். மொத்தச் சாவில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு அங்கே விழுந்தது. எங்கள் ஊரில் காவல் நிலையமும் சுகாதார நிலையமும் எதிரெதிரே. பிப்ரவரியில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையாக வந்து உட்கார்ந்த முகங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. மே மாதம் அவர்கள்தான் மயானத்திலும் ஆக்சிஜன் வண்டிக்கும் காவல் நின்றார்கள்.

முழங்கால் வலிக்கு வருகிறேன். எழுபதை ஒட்டிய வயதில், அவ்வளவு தூரம் நடந்து பழகிய பெண்ணுக்கு, அது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானமாக இருக்கும். ஊசி என்று நினைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்காமல் இருப்பதுதான் எனக்குக் கவலை. அதே சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். எடை, சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். நடப்பதே சிரமம் என்றால், 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுப்பார்கள், இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுத்தால் போதும். கொடுக்கும்போது, அவர் எழுதிக்கொள்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.